ஒரு புள்ளிக்கு வாங்கிய போனஸ்

சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது. அதே நிறத்தில் நூல் இருக்குமா என்று உன் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தேன். நூல் கிடைப்பதற்கு முன்னால் அந்தச் சிவப்புப் பகடை கையில் தட்டுப்பட்டது. நினைவிருக்கும் உனக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அந்த ஒரு பகடைக்காகவே ஒரு லூடோ பெட்டியை முழுதாக வாங்கினோம். மற்ற இரண்டும் வெள்ளை, சிறியவை, உன் தம்பி டொரொண்டோவிலிருந்து அனுப்பியவை. மூன்றாவது வெள்ளைப் பகடை ஹனீபா நானாவின் கடையில் மிளகுச் சாக்குகளுக்கு நடுவே உருண்டு போனது. சாக்குகளையெல்லாம் நகர்த்திப் பார்த்தும் கிடைக்கவில்லை.

"அது இப்ப கப்பல்ல போய்க்கிட்டு இரிக்கும். எந்த ஊர்ல எவன் சூப்புல விழப்போவுதோ" என்றார் நானா.

பகடையை மூக்கருகே கொண்டுபோனேன். கராம்பு வாசம் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு இருக்க வாய்ப்பில்லை. என் மூக்கை நான் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். எனினும் பொத்தானை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் தம்பியின் பார்சலில் மாத்தளை வெயிலுக்கு உதவாத இரண்டு கம்பளிச் சட்டைகளும், உருகி உருவம் போன சொக்லேட்டும், தடித்த ஒரு ஆங்கிலப் புத்தகமும், மூன்று பகடைகளும் இருந்தன. அங்கே பெற்றோல் நிலையத்தில் கூட வேலை செய்தவர்களோடு தான் விளையாடியது என்று எழுதியிருந்தான். பலகை கிடையாது, நகர்த்தக் காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் நூறு புள்ளிகள். அதைக் கொடுத்து உடல் பலம், புத்தி, ஆயுதத் திறமை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். திறமைக்கு ஒரு எண். சண்டை வந்தால் மூன்று பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குள் விழுந்தால் அடி பட்டது என்று அர்த்தம்.

நீ ஆங்கில ஆசிரியை. புத்தகத்தை ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டு, "ஏங்க, இது சின்னப் புள்ளைங்க வெளையாட்டு இல்லீங்க" என்றாய். பொழுது சாய்ந்தால் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொள்ளும் யுத்த வருடங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைப் பகல் மட்டும்தான் நமக்கென்று மிஞ்சியது. நீ பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும், கீழே நானாவின் கடைக்கு இறங்கிப் போவோம். மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் கடை. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். தராசை இறக்கி வைத்துவிட்டு அந்த மேசையைச் சுற்றி உட்காருவோம். கதை சொல்வது நானா. ரயில் ஸ்டேஷனில் வேலை செய்த சுனில் வாள்வீரன். நம் வீட்டுக்கு எதிரே தனியாக ஒரு அறையில் இருந்தான், தமிழை நம்மிடம்தான் பழகினான், என்னை அண்ணா என்பதற்கு மட்டும் கடைசிவரை சிங்களத்தில் அய்யே என்றே கூப்பிட்டான். நீ தோட்டத்துப் பெண் என்பதால் உன் ஆளுக்குக் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தாய். தேயிலை வெட்டும் அந்த வளைந்த கத்தியைப் புத்தகத்தின் ஆயுத அட்டவணையில் எங்கே சேர்ப்பது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

என் ஆள் வரைபடக்காரன், கையில் வில். நில அளவைக் கந்தோரில் வேலையாக வரைந்ததையே கதையிலும் வரைந்தேன். சண்டை தொடங்கியதும் அருகே உள்ள மரத்தில் ஏறிக்கொள்வான்.

அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் சோதனைச் சாவடி வந்தால் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். நீ முன்னால், நான் உன் முதுகுக்குப் பின்னால். உனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பது நாம் சொல்லிக்கொண்ட காரணம். உனக்கும் பயம்தான். கைப்பையின் பிடியை நீ இறுக்கிக்கொண்டிருப்பதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளைகளுக்கு உன் குரல் கேட்காது என்று பள்ளிக்கூட அதிபர் குறை சொன்னார்.

அப்படிப்பட்ட உன் குரலை ஒருமுறைதான் நான் அடையாளம் தெரியாமல் கேட்டேன். விளையாட்டு தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு, அதிகாலையில் நம் தெருவிலிருந்த தமிழ் ஆண்களை விசாரிக்க வேண்டுமென்று பொலிஸ் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனார்களே, அன்றைக்கு. ஒவ்வொருவராக விட்டார்கள். என் முறை வரவில்லை. மத்தியானம் தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிங்களத்தில் உரத்துப் பேசுவது கேட்டது. யாரோ பெரிய இடத்துப் பெண் என்று நினைத்தேன். "அவரைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். கூட்டிக்கொண்டுதான் போவேன்." திரும்பத் திரும்ப அதே இரண்டு வாக்கியம். பிறகு கதவு திறந்தது, நீ நின்றிருந்தாய்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டாய். என் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லாததைப் பார்த்து, கழற்றச் சொல்லித் தைத்தாய். அந்த நாளைப்பற்றி அதற்குப் பிறகும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

விளையாட்டில் என் உண்மையான வேலை வில் எய்வதல்ல, விலை போடுவது. ஆயுதத் திறமைக்கு மேல் போனஸ் வாங்கலாம் என்று புத்தகம் சொன்னது. எப்போதும் வேலை செய்யும் போனஸுக்கு, ஒன்றுக்கு நான்கு புள்ளிகள். ஒரு குறிப்பிட்ட நிலைமையில் மட்டும் வேலை செய்யும் போனஸ் என்றால் விலை குறையும். எவ்வளவு குறையும் என்பதை மட்டும், ஆடுகிறவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. அந்த ஒரு வரி என்னை எவ்வளவு வருத்தியது. நடந்த சண்டைகளையெல்லாம் எடுத்துவைத்து, எத்தனை இருட்டில், எத்தனை மழையில், எத்தனை ஒற்றையடிப் பாதையில் என்று பிரித்தேன். மூன்று சண்டையில் ஒன்று இருட்டில் என்றால், இருட்டுக்கு மட்டுமான போனஸுக்கு மூன்றில் ஒரு பங்கு விலை. இதற்கு நாம் நிபந்தனை போனஸ் என்று பெயர் வைத்தோம்.

முதலில் வந்தவன் சுனில்.

"அய்யே, எனக்கு வாள்ல நாலு போனஸ் வேணும். எப்பவும் வேணாம். ஞாயித்துக்கெழம மட்டும் போதும்."

"கதையில ஞாயிற்றுக்கிழமையா, நமக்கு ஞாயிற்றுக்கிழமையா?" என்று கேட்டேன்.

"நமக்குத்தான்."

நான் பென்சிலை எடுத்து, பதினாறை ஏழால் வகுக்கத் தொடங்கினேன். மிச்சம் வந்தது. மிச்சத்தை என்ன செய்வது என்று நான் கேட்டபோது உன்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாய். நானா என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நாங்க வேற எந்தக் கெழமையில வெளாடியிரிக்கோம்?"

சுனில் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். எனக்குக் காது சுட்டது. ஆனால் அன்றுதான் முதல் விதியை எழுதினேன். எப்போதும் பொருந்துகிற நிபந்தனை நிபந்தனையே அல்ல, அதற்கு முழு விலை.

அவன் அதோடு விடவில்லை. அடுத்து, கால் நனைந்திருந்தால் மட்டும் என்று ஒன்று வாங்கினான். மலிவாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்தச் சண்டை வந்தாலும் அவனுடைய வாள்வீரன் பின்வாங்கிப் பின்வாங்கி வயலுக்குள் இறங்கினான். பல்லேகமப் பக்கத்து வறண்ட பொட்டலில் கொள்ளைக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, "இங்கின தண்ணி இல்ல மல்லி" என்று சுனிலின் மொழியிலேயே அவனைத் தம்பியாக்கிச் சொன்னார் நானா. சுனில் யோசிக்கவேயில்லை. "அப்ப போத்தல்ல குடிக்க வச்சிருக்கிறத கால்ல ஊத்திக்கிறேன்." அது இரண்டாவது விதி. ஆடுகிறவன் தானே உண்டாக்கிக்கொள்ளக்கூடிய நிபந்தனைக்குத் தள்ளுபடி இல்லை.

நீ அதுவரை எதுவும் வாங்கியதில்லை. உன் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

"எனக்கும் ஒண்ணு வேணுங்க. கவ்வாத்துக் கத்திக்கு ஆறு போனஸ். இவரு விழுந்து கெடக்கிறப்ப மட்டும்."

"அனே அக்கா, அய்யா எங்க விழப்போறாரு" என்றான் சுனில். "அவரு மரத்துலல்லவா குடியிருக்காரு. வோட்டே அங்கதான் பதிஞ்சிருக்கு."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பிறகு என் முறைப்படி பார்த்தேன். உன் ஆள் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத நிபந்தனை. இதுவரை நடந்த எந்தச் சண்டையிலும் வரைபடக்காரன் விழுந்ததில்லை, கீறல்கூடப் பட்டதில்லை. முழு விலை இருபத்துநான்கு. பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். சும்மா எதையும் கொடுக்கக்கூடாது என்பதால் ஒன்று என்று போட்டேன்.

"ஒரு புள்ளிதானா?" என்றாய்.

"கணக்குப்படி அவ்வளவுதான்."

"சரிங்க. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நீ எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாய்.

நானாதான் அதைக் கிளறினார். ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் கடை வாசலில் நின்றேன். சுளகில் மிளகைப் புடைத்துக்கொண்டே, "தம்பி, தங்கச்சிக்கு வித்தீங்களே, அது வெல சரியில்ல" என்றார்.

"நடந்த சண்டையெல்லாம் வைத்துப் பார்த்தேனே, நானா."

"சண்டைய வச்சிப் பாக்கல. நீங்க ஒங்கள வச்சிப் பாத்திரிக்கிறீங்க. நீங்க மரத்த விட்டு எறங்காத வரைக்கும் அது ஒரு புள்ளி. எறங்கினா இருவத்திநாலும் காணாது." சுளகை ஒரு தட்டுத் தட்டினார். பதர் பறந்தது. "அந்தப் புள்ள வாங்கின சாமான் ஒங்க வீட்டு அலுமாரியில பூட்டி இரிக்கு. தொறப்பு ஒங்க கையில."

அன்று கந்தோரில் ஒரு கோட்டை இரண்டுமுறை தவறாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து, விலையைத் திருத்திவிடலாமா, உன் புள்ளியைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வித்த சாமான யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" என்றாய். "எங்கிட்டயே இருக்கட்டும்ங்க. ஒரு நாளைக்கு ஒதவும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும் நானா என்னைக் கடைசியாகக் கேட்பார். "தம்பி, நீங்க என்ன செய்றீங்க?" நான் சொல்வேன், "மரத்திலேயே இருக்கிறேன்." உன் கையில் பகடை இருக்கும். கவ்வாத்துக் கத்திக்கு உன் திறமை வெறும் ஒன்பது. பெரும்பாலும் தவறும். இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இறங்கினால் என் ஆள் செத்துப்போகலாம். அவனை நான் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். வெறும் கதைதானே என்று இப்போது தோன்றலாம். அந்த மேசையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிறகு நானா கடையை விற்றார். மகளோடு இருக்கக் கலேவெலவுக்குப் போவதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறுதான் கடைசி. அந்த வாரம் முழுவதும், நீ வாங்கியது வேலை செய்யாமலே போய்விடுமே என்ற நினைப்பு எனக்கு. நீ வழக்கம்போல் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினாய்.

அந்தக் கடைசி ஞாயிறு, சாக்குகள் எல்லாம் போய்க் கடை வெறுமையாக இருந்தது. நம் குரலே நமக்குத் திரும்பிக் கேட்டது. நானா லக்கல மலையிடுக்கில் ஒரு தொங்குபாலத்தைப் போட்டு, நாம் காத்துவந்த மிளகு வண்டிகளைப் பாலத்தின் இந்தப் பக்கம் நிறுத்தி, ஒற்றைக்கண் தலைவனையும் அவன் ஆட்களையும் எதிரே விட்டார். சுனிலின் வாள்வீரன் முதலில் விழுந்தான். பாலத்தில் தண்ணீர் இல்லை, போத்தலும் காலி. நீ மட்டும் நின்றாய். இரண்டுமுறை உருட்டினாய், இரண்டுமுறையும் தவறியது. இன்னொரு அடி உன்மேல் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

"தம்பி," என்றார் நானா. "நீங்க என்ன செய்றீங்க?"

சுனில் என்னைப் பார்த்தான். நானா என்னைப் பார்த்தார். நீ பார்க்கவில்லை. மேசை விரிப்பில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாய். பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பாய். நான் தேநீர்க் கோப்பையை எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன்.

"இறங்குறேன்" என்றேன்.

"அய்யே, காச்சலா?" என்றான் சுனில்.

நானா சிரிக்கவில்லை. "எறங்கிட்டா திரும்ப ஏற நேரமில்ல தம்பி. தெரிஞ்சிதானே சொல்றீங்க?"

"தெரிந்துதான். பாலத்துக்கு ஓடுகிறேன். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்கிறேன்."

வில்லை வைத்துக்கொண்டு அவ்வளவு அருகில் நின்று என்ன செய்ய முடியும். ஒற்றைக்கண்ணனின் முதல் வெட்டிலேயே வரைபடக்காரன் விழுந்தான். நானா அதை நீட்டாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நீ பகடைகளை எடுத்தாய், இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. உருட்டவில்லை. விளையாடும்போது உன் ஆள் என்ன பேசுகிறாள் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை, கூச்சம். அன்று சொன்னாய். கடைசி வாங்குக்குக் கேட்காத குரலில் அல்ல. வெறுங்கடை முழுவதும் நிறைந்த குரலில்.

"அவரக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். கூட்டிட்டுத்தான் போவேன்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் அது. நான் விலை போட்டது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேசையில் நடந்த சண்டைகளை மட்டும் எடுத்துவைத்தவன், என் வாழ்க்கையில் நான் விழுந்து கிடந்த ஒரே நாளை எடுத்துவைக்க மறந்திருந்தேன். நீ அதை மறக்கவில்லை. அன்று உனக்கு எங்கிருந்தோ வந்ததை, இன்னொருமுறை தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று புள்ளி கொடுத்து வாங்கிவைத்திருக்கிறாய்.

பிறகு உருட்டினாய். பதினைந்துக்குள் வரவேண்டும். சிவப்புப் பகடை மட்டும் தனியே ஓடிப்போய்த் தராசின் அடியில் நின்றது. குனிந்து பார்த்தவன் சுனில். "ரெண்டு" என்றான். மொத்தம் பத்து. போனஸ் இல்லாவிட்டால் தவறியிருக்கும். ஒற்றைக்கண்ணன் பாலத்திலிருந்து விழுந்த சத்தத்தை நானா வாயாலேயே எழுப்பினார். வரைபடக்காரன் சாகவில்லை என்றும், அவனை நீ தோளில் போட்டுக்கொண்டு பாலம் கடந்தாய் என்றும் அவர் கதையை முடித்தார். என்மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னாரா, பகடை பார்த்துத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மாடி ஏறும்போது நீ என் கையைப் பிடித்தாய். "எறங்கிட்டீங்களே" என்றாய். அவ்வளவுதான்.

இந்த வருடம் நீ விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்கும் நேரங்களில் எல்லாம் நான் வரிசையின் கடைசியில்தான் நின்றேன். நீ கண்ணை மூடிய காலையிலும் அப்படித்தான் நின்றேன். உன்னை வீட்டுக்கு அனுப்பக் கையொப்பம் போட வேண்டியவர் வெளியே போயிருக்கிறார், வரத் தாமதமாகலாம், நாளைக்கு வாருங்கள் என்று அந்த மேசையில் இருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள். வழக்கமான நானாக இருந்தால், சரி என்று தலையசைத்து வந்திருப்பேன். அன்றும் தலையசைத்துத் திரும்பினேன். இரண்டு அடி நடந்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தேன். என் சிங்களம் உனக்குத் தெரியும், ஆண்பால் பெண்பால்கூடச் சரியாக வராது.

"அவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். கூட்டிக்கொண்டுதான் போவேன்."

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் வேறொருவரை அழைத்து வந்தாள். மாலைக்குள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த போனஸை நான் வாங்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியொன்றைக் கேட்கும் துணிவு எனக்கு இருந்ததில்லை. எனக்காக நீ வாங்கிவைத்தாயோ என்று யோசிக்கிறேன். உன்னிடம் எப்போதும் கொஞ்சம் புள்ளி மிச்சம் இருக்கும்.

பொத்தானைத் தைத்துவிட்டேன், கொஞ்சம் கோணல். நாளைக்கு இந்தச் சட்டையோடு கலேவெலவுக்குப் போகிறேன். நானாவுக்கு இப்போது கண் தெரிவதில்லையாம், நீ போன செய்தியை நான்தான் நேரில் சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் இப்போது யாரும் பஸ்ஸை நிறுத்தி இறங்கி நடக்கச் சொல்வதில்லை. ஆனாலும் வங்கியில், கிராம சேவகரிடம், மருந்துக் கடையில், எங்கே போனாலும் முன்னால் நிற்பவன் நானாகவே இருக்கிறேன். வாயைத் திறந்தால் குரல் வருகிறது. ஒவ்வொருமுறையும் எனக்கு அது புதிதாகவே இருக்கிறது.

நீ விழுந்து கிடக்கும்போது மட்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த நிபந்தனை இனி எல்லா நாளும் பொருந்தும். எப்போதும் பொருந்துவதற்குத் தள்ளுபடி கிடையாது என்று சுனிலுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆகவே முழு விலையும் கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.